ஹெட்செட் மாட்டினால்தான் வந்தியத்தேவன் வருவான்

அத்தியாயத்தின் முதல் வரியே உத்தரவாகத்தான் இருக்கும்: இந்த எபியைப் படிக்கும்போது இன்ன பாட்டை ஓடவிடவும், ஹெட்செட் உத்தமம், இரவு நேரம் அதைவிட உத்தமம். பொன்னியின் செல்வனுக்கு இணையத்தில் ஆறாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கும் நம் ரைட்டர் ஜிக்கு இதற்குமேல் அறிமுகம் எதற்கு? பழையாறை நந்தவனத்தில் வந்தியத்தேவனும் குந்தவையும் எதிரெதிரே வந்து நிற்பார்கள். பார்ப்பார்கள். பாட்டு முடியும்; எபியும் முடிந்துவிடும்.

அவர் எழுத உட்காருவது இரவு பத்தரை மணிக்கு. பதினொன்றரை வரை எழுத்து ஒன்றும் நடக்காது, பாட்டுத் தேடும் படலம்தான். நந்தினியின் வஞ்சத்துக்குப் பொருத்தமான பாட்டு என்ன சும்மாவா கிடைக்கும்? இளையராஜாவைப் போட்டால் நந்தினி மேல் இரக்கம் வந்துவிடுகிறது. படத்துக்கு ரகுமான் போட்ட இசையே கையருகே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு எழுதினால் காப்பியடித்த மாதிரி ஆகிவிடுமாம். கதை, ஆட்கள், அரண்மனை, குதிரை என்று சகலத்தையும் கல்கியிடமிருந்து வாரிக்கொண்டவருக்குப் பின்னணி இசையில் மட்டும் இப்படி ஒரு ரோஷம். கடைசியில் ஏதோ கொரியத் தொடரின் பாட்டு அகப்படும். மொழி புரியாதது கூடுதல் வசதி, எந்தச் சோகத்துக்கும் பொருந்திவிடும். அதை லூப்பில் போட்டுப் பெரிய பழுவேட்டரையர் வாளை உருவுகிற நேரம் பார்த்துக் கூந்தல் தைல விளம்பரம் குறுக்கிடும். போன ஆவேசம் திரும்ப, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டாக வேண்டும். அதற்குள் ப்ளேலிஸ்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், முகப்புப் படம் ஒன்று வெட்டி ஒட்ட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அறிவிப்பு வரும்: "இன்னிக்கு யூடி (அப்டேட்) இல்லை மக்களே, மூட் செட் ஆகல. ஆனா நந்தினி ப்ளேலிஸ்ட் ரெடி!" உடனே வரிசையாக இதயக்குறிகள். "செம சிஸ், வெயிட்டிங்!"

நேரம் வீணாகிறதே என்பதல்ல என் வழக்கு. நேரம் அவருடையது, எப்படியும் செலவழிக்கட்டும். காதுக்குள் ஓடும் பாட்டு கிளப்பிவிடும் உருக்கத்தைத் தன் வாக்கியம் கிளப்பியதாக அவர் நம்பிவிடுகிறார் என்பதுதான் வழக்கு. 'அவள் திரும்பிப் பார்த்தாள். காற்று வீசியது. அவன் கண்கள் கலங்கின' என்று தட்டும்போது மூன்று வாக்கியங்களுக்கும் இடையே அவருக்கு ஒரு புல்லாங்குழல் கேட்கிறது. நமக்கு மூன்று முற்றுப்புள்ளிகள் தெரிகின்றன. சில சமயம் பாட்டு ஹெட்செட்டிலிருந்து ஒழுகிக் கதைக்குள்ளேயே வந்துவிடும். பழுவூர் மாளிகையில் யாரோ வயலின் வாசிப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் வந்து இறங்கி, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வழியாகக் கர்நாடக இசைக்குள் புகுந்த வாத்தியம் அது. சுந்தர சோழர் காலத்துக்கு எண்ணூறு ஆண்டு முன்கூட்டியே கிளம்பி வந்திருக்கிறது. வாணர்குலத்து வீரனும் இரண்டு பத்தி சோழநாட்டுத் தமிழ் பேசிவிட்டு மூன்றாவதில் சூப் பாய் ஆகிவிடுவான். அன்றைக்கு என்ன பாட்டு ஓடியது என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. 1998-இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் தளத்தில் 'சாங்ஃபிக்' என்று ஒரு தனி ஜாதியே இருந்தது: ஒரு பத்தி கதை, நான்கு வரி பாட்டு, மறுபடி ஒரு பத்தி கதை. பிறர் எழுதிய பாட்டு வரிகளைப் போடக்கூடாது என்று தளமே தடை போட வேண்டியதாயிற்று. ஐபாடில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு பாட்டும் ஓடி முடிவதற்குள் ஒரு குட்டிக் கதை என்று பந்தயமே நடத்தினார்கள். ஹாரி பாட்டர் ரசிகக் கதைகளில் மிக அதிகமாகக் கேலி வாங்கிய 'மை இம்மார்ட்டல்' (2006) தன் பெயரையே எவனசென்ஸ் குழுவின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. பாட்டு எழுத்துக்கு உதவுகிறதா என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சாரா ரான்ஸ்டெல், லீ கில்ராய் இருவரும் கல்லூரி மாணவர்களைக் கணினியில் கட்டுரை எழுதவிட்டு 2001-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பின்னணி இசை எழுதும் வேகத்தைக் குறைத்தது. பாடல் வரி இல்லாத வெறும் இசையும் குறைத்தது. 'நான் இன்ஸ்ட்ருமென்டல்தான் கேட்பேன்' என்கிற சமாதானமும் அத்தோடு போயிற்று.

இந்த இடத்தில் அவர் ஸ்டீபன் கிங்கைக் கூட்டிவருவார். உண்மைதான். ஏசி/டிசி, மெட்டாலிகா போன்ற முரட்டு ராக்கைச் சத்தமாக வைத்துத்தான் எழுதுவதாகத் தன் 'ஆன் ரைட்டிங்' நூலில் கிங்கே சொல்கிறார். ஆனால் அவருக்கு அந்தச் சத்தம் இன்னொரு கதவு. உலகத்தை வெளியே நிறுத்திச் சாத்திக்கொள்கிறார். நாளுக்கு இரண்டாயிரம் வார்த்தை என்று அப்போது கணக்கும் வைத்திருந்தார். எந்த நாவலின் முதல் பக்கத்திலும் மெட்டாலிகாவைப் போட்டுக்கொண்டு படி என்று அவர் வாசகனை விரட்டியதில்லை. சினிமாவில் பின்னணி இசை இல்லையா என்பார் அடுத்து. இருக்கிறது, ஆனால் டிக்கெட் வாங்கிய எல்லோர் காதிலும் அது விழுகிறது. இங்கே இசை எழுதுகிறவருக்கு, ஊமைப்படம் படிக்கிறவருக்கு. அந்த உத்தரவு வரியே இதற்கு ஒப்புதல் வாக்குமூலம்தானே? பாட்டில்லாமல் என் காட்சி நிற்காது என்று அவரே எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

கல்கிக்கு இசை தெரியாதா? ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதி வித்வான்களைக் கலங்கவைத்தவர். 1945-இல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' அவர் எழுதியது. பொன்னியின் செல்வனில் கோடிக்கரைக் காட்சிக்கு அவருக்கும் ஒரு பாட்டு தேவைப்பட்டது. தானே எழுதிப் படகோட்டிப் பெண் பூங்குழலியின் வாயில் கொடுத்தார். அது அச்சிட்ட பக்கத்திலேயே இருக்கிறது. மெட்டுத் தெரியாதவனுக்கும் கடலும் படகும் அந்தப் பெண்ணின் தவிப்பும் எட்டுகின்றன. அவரைத் தொடர்ந்து எழுதுகிறேன் என்கிறவர் தொடர வேண்டியது இதைத்தானே?

பிறருடைய பாத்திரங்களை எடுத்தாள்வதே தப்பு என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். விக்கிரமன் பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதி அந்தப் பாதையை எப்போதோ போட்டுவிட்டார். கல்கியின் நூல்களும் நாட்டுடைமை ஆகிவிட்டன. அதோடு, நம் ரைட்டர் ஜிக்கு இதில் காலணா வருமானமில்லை. பகலெல்லாம் ஆபீசில் அடுத்தவர் கணக்கைப் பார்த்துவிட்டு, வீட்டில் பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு, மணிமேகலைக்கு ஒரு நல்ல முடிவு வேண்டுமே என்று கண்விழிக்கிறவர்கள் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார்கள்? அந்த ஒரு மணி நேரம் தூக்கம் வராமல் உட்காரப் பாட்டு உதவுகிறது என்றால் கேட்கட்டும். அதை யார் தடுத்தது? எழுதி முடித்த பிறகும் காதிலிருந்து கழற்றாததுதான் தொல்லை. கழற்றிவிட்டு, மின்விசிறிச் சத்தத்தில் ஒருமுறை உரக்கப் படித்தால், எந்த வாக்கியம் சொந்தக் காலில் நிற்கிறது, எது புல்லாங்குழலின் தோளில் தொங்குகிறது என்று தன்னால் தெரிந்துபோகும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தை மாதம் 'தொடரும்' போட்ட எபிக்கு ஆடி பிறந்தும் அடுத்தது வரவில்லை. நடுவில் நான்கு ப்ளேலிஸ்டும் ஒரு டீசரும் வந்தன. படிக்கிறவர்கள் கேட்டது கதை. ரைட்டர் ஜி, பாட்டு எங்களிடமே நிறைய இருக்கிறது. நீங்கள் அடுத்த எபியைப் போடுங்கள்.