ஹோயா டீச்சர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட விளைகளில் ஒரு கம்பை மண்ணில் குத்திவிட்டு மறந்துபோனால் அடுத்த வருஷம் அது மரச்சீனிக் கிழங்காகக் குழம்புக்கு வந்து சேரும். நல்லமிளகு தானாகப் பலா மரத்தில் ஏறிக்கொள்ளும். வேலிக்கு நட்ட முருங்கை காய்க்கும். இப்படி எதையும் கெஞ்சாமல் வளரவிடுகிற மண்ணில், கறிக்கும் உதவாத, சாமிக்கும் சாத்தாத, பூப்பதற்கு வருஷக்கணக்கில் யோசிக்கிற ஹோயா என்ற கொடியைக் காசு கொடுத்து வாங்கி, மண்ணே படாமல் உத்தரத்தில் தொங்கவிட்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து வாழும் ஒரு கூட்டம் உண்டாகியிருக்கிறது. பாதிப் பேர் ரிட்டயர் ஆன டீச்சர்கள். மீதிப் பேர் அந்த டீச்சர்களிடம் கம்பு கேட்டுக் கிடைக்காமல் வைராக்கியத்தில் சேர்ந்தவர்கள்.

ஹோயா டீச்சரின் வீட்டை அடையாளம் காண்பது சுலபம். கார் மழையில் நிற்கும். கார் ஷெட்டில் கொடிகள் தொங்கும். உள்ளே போனவுடன் “செடியெல்லாம் நல்லா இருக்கே” என்று சொல்லிவிடாதீர்கள். “செடியா? எது, கார்னோசாவா, பியூபிகேலிக்ஸா?” என்று திருப்பிக் கேட்பார். நீங்கள் முழிப்பீர்கள். அதற்காகத்தான் கேட்டது. பிறகு வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு போவார்: ஆஸ்திரேலிஸ், லக்குனோசா, மல்ட்டிஃப்ளோரா, ஒபோவாட்டா. சொந்தத் தம்பியின் இரட்டைப் பெண்களை இன்றுவரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறவர், க்ரிம்ஸன் குயினையும் க்ரிம்ஸன் பிரின்ஸஸையும் பத்தடி தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார். வெளுப்பு இலையின் ஓரத்தில் இருந்தால் ராணி, நடுவில் இருந்தால் இளவரசி.

கார்னோசாவிலேயே ‘காம்பாக்டா’ என்று ஒன்று உண்டு. இலைகள் முறுக்கிச் சுருண்டு, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடித்துக் கயிறாகத் தொங்கும். அதிக விலை கொடுத்து வாங்கியது அதுதான். மாமியார் அதைப் பார்த்த முதல் நாளே, “இதுக்கு என்னமோ ரோகம் பிள்ளே, வேப்பெண்ண அடி” என்றார். டீச்சர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் அந்தச் சுருளுக்குள் மாவுப்பூச்சி இருப்பது தெரிந்து, அவரிடமே போய் வேப்பெண்ணெய் எங்கே என்று கேட்க வேண்டியதாயிற்று.

ஹோயா என்ற பெயர் வந்த கதையை இவர்கள் எல்லோரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் நார்த்தம்பர்லண்ட் பிரபுவின் சயன் ஹவுஸ் மாளிகையில் தாமஸ் ஹாய் என்று ஒரு தலைமைத் தோட்டக்காரர் இருந்தார். அவருக்கு மரியாதையாக ராபர்ட் பிரவுன் என்ற தாவர அறிஞர் 1810-இல் இந்தப் பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். பிரபுவின் பெயரை அல்ல, தோட்டக்காரரின் பெயரை. டீச்சர் இதைக் கண் பனிக்கச் சொல்லி முடிக்கும்போது, ஏணிமேல் நின்று சட்டி மாட்டிக்கொண்டிருக்கும் கணவர் கேட்பார்: “நானும் எட்டு வருஷமா தண்ணி ஊத்துதேன். எனக்க பேரு எந்தச் செடிக்கு வச்சிருக்கு?”

“நீங்க ஊத்தினதுலதான் அஞ்சு மூடு அழுகிச்சு. பேரு வைக்காததே மரியாத.”

அழுகும் என்பது உண்மை. மரத்தின்மேல் தொற்றி வளர்ந்து பழகிய இனம். வேருக்குக் காற்று வேண்டும், ஈரம் தங்கக் கூடாது. அதனால் டீச்சர் மண்ணைத் தள்ளிவைத்துவிட்டு, தேங்காய்த் தொண்டை நறுக்கிப் பல தண்ணீரில் ஊறவைத்துக் கறை போக்கி, சிரட்டைக்கரியும் ஓட்டுச்சில்லும் கலந்து ஒரு கூட்டுத் தயாரிப்பார். விகிதத்தைப் பெற்ற மகளுக்கும் சொல்ல மாட்டார். ஆனால் இந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். எடவப்பாதி கொட்டிவிட்டுப் போய்க் கொஞ்சம் மூச்சுவிடுவதற்குள் துலாவர்ஷம் வந்துவிடும். பக்கத்து வீட்டில் ஆட்டைக் கொட்டகைக்குள் இழுக்கும் அதே நேரத்தில், டீச்சர் வீட்டில் சட்டிகள் ஊண் மேசைக்கு வந்துசேரும். அந்த வாரங்களில் அவர் கணவரான சாரின் சாப்பாடு திண்ணையில். இமயமலைப் பக்கத்து லினியாரிஸ் ஒன்றை வாங்கி இந்தப் புழுக்கத்தில் கொன்ற கதையை மட்டும் டீச்சர் சொல்வதில்லை. சார் சொல்வார், குரலைத் தாழ்த்தி.

பூத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மெழுகில் வார்த்ததுபோல் குட்டிக் குட்டி ஐந்துமுனை நட்சத்திரங்கள், நடுவில் இன்னொரு நட்சத்திரம், எல்லாம் சேர்ந்து ஒரு பந்து. ராத்திரிதான் மணக்கும். ஆகவே ராத்திரிதான் விருந்தாளிகளை அழைப்பார். கொசுக்கடியோடு எல்லோரும் வரிசையில் நின்று முகர வேண்டும். லக்குனோசாவில் பட்டை வாசனை வரும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் எல்லோருக்கும் வரும். தேனுக்குப் பேர்போன மார்த்தாண்டம் பக்கத்திலேயே இருந்தும், தேனைத் தலையில் வாங்குவது இந்த வீட்டில்தான்: பூவிலிருந்து சொட்டுவது கீழே காயும் வேட்டியில் விழும், வேட்டிக்கு எறும்பு வரும், வேட்டியோடு சார் கல்யாணத்துக்குப் போவார். கொடியை நகர்த்தலாமே என்றால், “மொட்டு உதுந்துரும், தொடாண்டாம்.” பூ உதிர்ந்த பிறகும் அந்தக் காம்பைத் தொட முடியாது, அடுத்த முறையும் அதே காம்பில்தான் பூக்கும். ஒருமுறை வீடு பெருக்க வந்த பெண், காய்ந்த காம்பென்று நினைத்து ஒன்றை ஒடித்தாள். மறுநாளிலிருந்து வேறு பெண் வருகிறாள்.

இத்தனை இருந்தும் நம்மூர்க்காரியை மட்டும் இவர்கள் கண்டுகொள்வதில்லை. கிழக்கே தெரிகிறதே மேற்குத்தொடர்ச்சி மலை, அங்கேயே ஹோயா உண்டு. மதராஸ் மாகாணத்தில் கம்பெனி டாக்டராக வந்து தென்னிந்தியச் செடிகளைத் தேடித் தேடி எழுதிவைத்த ராபர்ட் வைட்டின் பெயரில், ஹோயா வைட்டியை என்றே ஒன்று. சொன்னால் டீச்சர் முகத்தைச் சுளிப்பார். “அது காட்டுல நிக்கியது.” தாய்லாந்துக் காட்டில் நிற்பது பரவாயில்லை.

வளைகுடாவிலிருந்து மகன் ஒரு தடவை கெர்ரி என்ற ஹோயாவைக் கொண்டுவந்தான். குட்டிச் சட்டியில் ஒரே ஒரு தடித்த இலை, இதய வடிவம். காதலர் தினத்துக்கு விற்பது. ‘மக்க வாங்கித்தந்தது’ என்று டீச்சர் ஜன்னலில் வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டார். வருஷங்கள் போயின. இலை இலையாகவே இருந்தது. கணு இல்லாமல் இலையை மட்டும் நட்டால் வேர் விடும், பச்சையாக நிற்கும், ஆனால் கொடியாகவே ஆகாது என்பதை அவர் பிறகுதான் அறிந்தார். அறிந்தது வீண்போகவில்லை.

ஏனென்றால் இவர்களிடம் சக்கை கேட்டால் பதினைந்து கிலோவில் ஒன்றைத் தூக்கிக் காரில் வைப்பார்கள். தேங்காய் கேட்டால் குலையோடு. ஹோயாவில் ஒரு கணு கேட்டால் மட்டும் அன்று நாள் சரியில்லை. கம்பு மாற்றுவதெல்லாம் சமானமானவர்களுக்குள்தான். அப்படித்தான் போன மாதம் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டத்து அக்கா ஒருவரைச் சந்தித்து, லக்குனோசா கொடுத்து கெர்ரி வாங்கினார் டீச்சர். கணுவோடு நீளமான கம்பு, நனைத்த பேப்பரில் சுற்றி, சேலைத் தலைப்பில் மூடி. மறைத்த விதம் சரியில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஏறிய சோதனைக்காரர் நேராக அவர் மடியைப் பார்த்தார்.

“என்ன இலை டீச்சரே அது?”

டீச்சர் சொன்னார். பிறந்த நாடு, பூவின் நிறம், பூக்காத காரணம், தாமஸ் ஹாய் உட்பட. பஸ் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் சோதனைக்காரர், “போதும் டீச்சரே, கஞ்சாக்காரன் இவ்வளவு பேச மாட்டான்” என்று பேப்பரை மூடினார். மூடியவர் போகவில்லை. “என் வீட்டுக்காரிக்கும் செடின்னா உயிரு. ஒரு கம்பு...”

டீச்சர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கம்பிலிருந்து நல்ல தடித்த இலை ஒன்றைத் தேர்ந்து, கணு வராமல் பக்குவமாகக் கிள்ளி, இரண்டு கையாலும் நீட்டினார்.

“கொண்டு நடுங்க சாரே. வாடவே வாடாது.”