சூடு எங்கே போகுது, மாப்ள?

அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கீரமங்கலத்துக்கும் வடகாட்டுக்கும் நடுவே ஒரு சிங்கப்பூர் வீடு. சிங்கப்பூரில் இருப்பது வீட்டுக்காரர்தான். வீடு இங்கேதான் இருக்கிறது, அவர் அனுப்பிய பணத்தில் எழும்பியது. கட்டிக் கொடுத்த மேஸ்திரிக்கு இந்தக் கட்டுரையில் கரண்டியார் என்று பெயர். கொத்துக் கரண்டியைக் கீழே வைக்காமல் காலத்தை ஓட்டியவர். அவருடைய அக்கா மகன் கருவியார். சென்னையில் மின்சாரத் தணிக்கை செய்யும் நிறுவனத்தில் வேலை. கைபேசியின் அடியில் சொருகிக்கொள்ளும் தெர்மல் கேமரா ஒன்றோடு அன்று காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கினார்.

“மாமா, இன்னைக்கு இந்த வீட்டுல ஹீட் லாஸ் சர்வே. சுவரு, கூரை, கதவு, ஜன்னல், எது வழியா சூடு வெளியே போகுதுன்னு படம் புடிச்சுக் காட்டிருவேன்.”

கரண்டியார் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்த வீட்டுலேருந்து சூடு வெளியே போகுதா?”

“ஆமா மாமா.”

“எந்த ஓட்டைன்னு மட்டும் சொல்லு மாப்ள. கடப்பாறையக் கொண்டாந்து இன்னும் கொஞ்சம் பெருசாக்கி விடுறேன். போறேங்குற சூட்டை நாம ஏன் மறிக்கணும்?”

பழி முழுவதையும் கருவியார் தலையில் கட்டக் கூடாது. அவர் படித்த கையேடு குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டது. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் 20 டிகிரி வைக்கக் காசைக் கரைக்கிறார்கள். வெளியே பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. இரவில் தெருவில் நின்று வீட்டைப் படமெடுத்தால், சுவருக்குள் பஞ்சு அடைக்காமல் விட்ட இடம் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் பத்து டிகிரியாவது வித்தியாசம் வேண்டும் என்பது அந்தத் தொழிலில் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். புதுக்கோட்டை மாவட்டத்தில் மே மாத முற்பகலில் அந்த வித்தியாசத்துக்கு எங்கே போவது? ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் உள்ளேயும் வெக்கை, வெளியேயும் வெக்கை.

“சரி மாமா, ஹீட் கெயின்னு வச்சுக்குவோம்.”

“அப்படின்னா?”

“சூடு உள்ள வர்றது.”

“அதைச் சொல்றதுக்கா ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்து வந்தே?”

கருவியார் அசரவில்லை. சமையலறைக்குள் நுழைந்து கேமராவைத் திருப்பினார். திரையில் சுவர் ஆரஞ்சு, தரை ஊதா, அடுப்பு வெள்ளை. தேய்த்து வைத்த எவர்சில்வர் குடத்தில் மட்டும் மங்கலாக ஓர் உருவம் அசைந்தது.

“என்ன மாப்ள, குடத்துக்குள்ள எவனோ உக்காந்திருக்கான்?”

“அது நீங்கதான் மாமா.”

கருவியாருக்கு இதில் கொஞ்சம் வெட்கம்தான். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு சூடு என்று பார்த்தார். சிவப்பைத் தாண்டி, எதுவுமே தெரியாத இடத்தில் வைத்திருந்த வெப்பமானி எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத்தான் கேமரா பிடிக்கிறது. சுண்ணாம்புச் சுவர், ஓடு, சிமென்ட், மனிதத் தோல் இவையெல்லாம் தங்கள் சூட்டுக்கு ஏற்ற கதிரை ஒழுங்காக வெளியிடும். பளபளக்கும் உலோகம் அப்படிச் செய்யாது. சொந்தக் கதிரைச் சிக்கனமாக விட்டு, எதிரே நிற்பவனின் கதிரைத் திருப்பி அனுப்பும். தெரியாதவர் கையில் கொடுத்தால் இந்தக் கேமரா எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற காபியைக்கூட ஆறிப்போனதாகச் சொல்லிவிடும்.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “தம்பி, அது சுவத்தத் தாண்டித் தெரியுமா? குளிக்கிற ரூம் பக்கம் காட்டாதீங்க.”

அந்த அம்மாவின் கவலையை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே பட்டிருக்கிறது. ஆரிகன் மாநிலத்தில் 1992-ல் கைலோ என்பவரின் வீட்டை அதிகாரிகள் தெருவில் காரில் இருந்தபடியே தெர்மல் கேமராவால் பார்த்தார்கள். வண்டிக் கொட்டகையின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. அதையும் வேறு சில தகவல்களையும் வைத்து வாரண்டு வாங்கி உள்ளே போனால், பெரிய விளக்குகளுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கஞ்சாச் செடிகள். 2001-ல் நீதிமன்றம், வாரண்டு இல்லாமல் அப்படிப் படம் பார்த்ததே சோதனைக்குச் சமம், செல்லாது என்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. வீட்டுக்காரி எத்தனை மணிக்குக் குளிக்கிறாள் என்பதைக்கூட இந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடலாமே என்று தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவும் கவலைப்பட்டிருந்தார்.

“சுவத்தத் தாண்டித் தெரியாதும்மா. கண்ணாடியத் தாண்டிக்கூட தெரியாது. மேல்பக்கச் சூடு மட்டும்தான்” என்று கருவியார் சமாதானம் சொன்னார்.

கரண்டியாருக்கு வேறு கவலை. “கூரை சூடா இருந்தா கஞ்சான்னு சந்தேகப்படலாம்னா, நம்ம ஜில்லாவுல ஒரு வீடு பாக்கி இல்லாம ரெய்டு போவணுமே மாப்ள!”

மாலை ஏழு மணிக்குத்தான் கேமராவுக்கு மரியாதை வந்தது. வெயில் போய்விட்டது, வாசலில் லேசாகக் காற்றும் வந்தது. படுக்கையறைக்குள் போய் மேலே காட்டினால் கூரை முழுக்க ஒரே சிவப்பு. தரை 34, சீலிங் 41. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட், அடுப்பை அணைத்த பிறகும் காயும் தோசைக்கல் மாதிரி, இப்போதுதான் கீழே இறக்கத் தொடங்கியிருந்தது.

“பாத்தீங்களா மாமா, ஏழு டிகிரி வித்தியாசம்.”

“ஃபேனைப் போட்டா அனலா கொட்டுதுன்னு இந்தம்மா குடிவந்த நாளாச் சொல்லுது. அதுக்கு எத்தனை டிகிரின்னு நம்பர் போட்டு ரிப்போர்ட் குடுத்தா பில்லு உண்டு. அந்தம்மா சொன்னா பொலம்பல்.”

“சரி மாமா. இந்தக் கூரையப் போட்டது யாரு?”

கரண்டியார் துண்டை உதறி மறு தோளில் போட்டார்.

“நாலரை இஞ்சு கான்கிரீட். அதுக்கு மேல செங்கல் ஜல்லி எங்கே? தட்டோடு எங்கே?”

“அடுத்த மாடி எடுக்கப் போறோம், இப்ப எதுக்கு அந்தச் செலவுன்னாரு வீட்டுக்காரரு.”

அந்த அடுத்த மாடி எங்கே என்று பார்க்க மேலே ஏறினால் போதும். தூண் தலைகளில் நீட்டி நிற்கும் கம்பிகள் துருப்பிடித்துக் காத்திருக்கின்றன. ஒன்றில் துணி காய்கிறது. இந்த மாவட்டத்தில் ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் மொட்டை மாடிகளில் இந்தக் கம்பிகளைப் பார்க்கலாம். வரப்போகும் மாடியை நம்பி, இருக்கிற மாடியை மொட்டையாகவே வெயிலில் விட்டிருக்கிறார்கள். முன்பு செங்கல் ஜல்லியில் சுண்ணாம்பு கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். அடிக்கிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. கூலி ஏறியது, அவசரமும் ஏறியது. அந்த வேலையைக் கைவிட்டதில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு பங்கோ மேஸ்திரிக்கும் அவ்வளவு பங்கு என்பது இக்கட்டுரையாளரின் கட்சி.

கருவியார் விடவில்லை. எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வீடுகளுக்கென்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டதைச் சொன்னார். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் நுழையக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் கூரை இதைப்போல மூன்று மடங்கு விடும்.

“நல்ல சட்டம். இந்த வீட்டுக்கும் உண்டா?”

“இல்ல மாமா. மனை 500 சதுர மீட்டர், அதுக்கு மேல இருந்தாத்தான்.”

கரண்டியார் மனதுக்குள் கணக்குப் போட்டார். “பன்னெண்டு சென்ட்டுக்கு மேல. இது அஞ்சு சென்ட்டு. சூரியனும் பட்டாவப் பாத்துத்தான் அடிக்குமா மாப்ள?”

பதில் இல்லாததால் கருவியார் அரசாணைக்குத் தாவினார். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. தெலங்கானா 2023-லேயே குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கை வகுத்தது.

“கஜா புயல் ஒரே ராத்திரிதான் அடிச்சுது. அதுக்குப் பேரு வச்சாங்க. இது வருசா வருசம் ரெண்டு மாசம் நின்னு அடிக்குது, இப்பத்தான் பேரிடர்னே தெரிஞ்சுதாக்கும்.”

கஜா என்றதும் இருவரும் மேற்குச் சுவரைப் பார்த்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வரை அந்தப் பக்கம் ஒரு பலாவும் இரண்டு தென்னையும் நின்றன. இப்போது ஒன்றும் இல்லை. கேமராவில் அந்தச் சுவர் மற்ற மூன்று சுவர்களையும்விடச் சூடாகத் தெரிந்தது. அன்று காட்டிய படங்களிலேயே கரண்டியார் கிண்டல் செய்யாத படம் இது ஒன்றுதான். புயலில் போன மரங்களைத் தேங்காய்க் கணக்கிலும் பலாப்பழக் கணக்கிலும் பார்த்து நிவாரணம் பேசினோம். அவை சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நிழலுக்கு ஒரு கணக்கும் இல்லை.

கரண்டியார் சுதாரித்துக்கொண்டு செட்டிநாட்டை இழுத்தார். “கடியாபட்டிக்குப் போ, ராயவரம் போ, அரிமளம் போ. அங்க எடு படம். நாட்டு ஓட்ட அடுக்கடுக்காப் போட்டிருப்பான். சுவரு ரெண்டு அடி. நடுவுல வளவு. மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ள போனா கும்முனு இருக்கும்.”

“போய் எடுத்தேன் மாமா. நீங்க சொல்றது நிஜம்தான். ராத்திரி வளவுல நின்னு கேமராவ வானத்துக்குக் காட்டினா, காத்தவிட எவ்வளவோ குளிர்ச்சியாக் காட்டுது. திறந்த முற்றம் அந்த வானத்தப் பாத்துத்தான் சூட்ட விட்டு ஆறுது. ஆனா அது பர்மாப் பணம் மாமா. தேக்கும் மார்பிளும் கப்பல்ல வந்த வீடு. அதைக் காட்டி அஞ்சு சென்ட்டுக்காரன்கிட்ட ‘அந்தக் காலத்துல’ன்னு பேசுறது நல்லா இல்ல.”

“அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?”

இதுதான் அன்று இரண்டு பேரும் கிண்டல் இல்லாமல் பேசிய முதல் இடம்.

ஒன்பது மணிக்கு ஏசி போட்டார்கள். ரிமோட்டில் 18. புது ஏசிகள் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி. தொடங்கியதும் 18-க்கு இறக்குவது நம் வீட்டு விதி. 18 வைத்தால் சீக்கிரம் குளிராது, நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று பணியகமே சொல்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடுகிறது என்பதை வீட்டுக்கார அம்மா கருவியாருக்கு விளக்கினார். இது அவருக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கேமரா தன் உண்மையான வேலையைச் செய்தது. கதவுக்கு அடியில் அரை இஞ்சு சந்து. அதன் வழியாக ஹால் தரையில் நீல நாக்கு நீண்டிருந்தது. ஏசி குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை அடைக்கப்படாமல் இருந்தது. வென்டிலேட்டர் கண்ணாடிகளில் ஒன்று சரியாக மூடவில்லை. கையேடு தேடச் சொன்ன ‘இழப்பு’ புதுக்கோட்டையில் இதுதான்: சூடு போவதில்லை, காசு கொடுத்து வாங்கிய குளிர் போகிறது.

குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்து தெரிந்தது. “ஈரம்” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். உள்ளே குழாய் கசிகிறது.

கடைசியில் மெயின் பாக்ஸ். மூடியைத் திறந்து காட்டியதும் ஏசிக்குப் போகும் எம்சிபியின் ஒரு முனை மட்டும் வெள்ளையாக ஜொலித்தது. திருகு தளர்ந்து ஒயர் காய்ந்துகொண்டிருந்தது. துணைமின் நிலையங்களில் இணைப்புகளை மின்வாரியத்தார் இதே போன்ற கேமராவால்தான் பார்க்கிறார்கள். கரண்டியார் ஒரு வார்த்தை பேசாமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். கையால் தொட்டுப் பார்க்கிற வைத்தியம் செல்லாத இடம் இது.

மறுநாள் விடியும்முன் கரண்டியார் மொட்டை மாடியில் பாதிக்கு மட்டும் சுண்ணாம்பை இரண்டு கோட்டு அடித்தார். “எடு மாப்ள” என்று மத்தியானம் கருவியாரை ஏற்றினார். வெயிலில் படம் பளிச்சென்று இரண்டாகப் பிரிந்தது: அடித்த பாதி ஊதா, அடிக்காத பாதி கொதிக்கிற மஞ்சள்.

“இத என் வாட்ஸப்புக்கு அனுப்பு. அடுத்த மாடி, அடுத்த மாடின்னு சொல்றவங்ககிட்ட காட்டணும்.”

“அப்ப கேமரா பிரயோஜனம்தானே மாமா?”

“படம் பிரயோஜனம். சுண்ணாம்பு அடிச்சது நானு.”

கருவியாரின் அறிக்கை பதினெட்டுப் பக்கம் வந்தது. அதில் வீட்டுக்கார அம்மா செய்தவை நான்கு: திருகை முறுக்கியது, கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டியது, குழாய்த் துளையை அடைத்தது, மாடியின் மறுபாதிக்கும் வெள்ளை அடித்தது. மேற்குப் பக்கம் நட ஒரு பலாக் கன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த ஊதா நிறத்திலேயே பெயின்ட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்கும் யாராவது தெர்மல் கேமராவோடு பகல் பதினொரு மணிக்கு வந்தால் மோர் கொடுத்து உட்கார வையுங்கள். கூரையின் அடிப்பக்கத்தை மாலை ஏழு மணிக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கதவையும் ஜன்னலையும் ஏசி இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு. மெயின் பாக்ஸைப் பார்க்காமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.