ஆவடி மார்க்கத்து இசை வகைகள்

ஆவடி–சென்ட்ரல் மின்சார ரயிலில் பாட்டுச் சிபாரிசு ஓயாமல் நடக்கும். ‘ராஜா சார்’ வகையினருக்கு உலகம் 1976-இல், ‘அன்னக்கிளி’யோடு பிறந்தது. ரகுமான் வகைக்கு அது 1992, ‘ரோஜா’. இவர்கள் ஹெட்போனைக் காதில் மாட்டிவிடாமல் சிபாரிசு செய்யமாட்டார்கள். கானா வடசென்னைச் சரக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து பட்டரவாக்கத்தில் ஏறுவோர், கதவோரத் தகரத்தில் விரல் மோதிரத்தால் தாளம் தட்டியே அதைப் பரப்புவர். ஆடி மாத வகைக்குச் சிபாரிசே தேவையில்லை: விடியற்காலையில் கூம்பு ஒலிபெருக்கி வழியே எல்.ஆர்.ஈஸ்வரி அம்பத்தூர் வீடுகளுக்குள் தானே வந்துவிடுவார். பூந்தமல்லி ஷேர் ஆட்டோ வகையில் பாட்டு கிடையாது, அதிர்வு மட்டும் உண்டு, இடுப்பெலும்பால் கேட்கவேண்டும். சிபாரிசு வாங்கியவர் எல்லோரும் “கேக்குறேன் பாஸ்” என்பார்கள். யாரும் கேட்பதில்லை.