பார்க்காத ஒளியும் கேட்காத ஒலியும்: அல்சூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரில் எந்த மென்பொருள் வளாகத்தின் வாசலிலும் ஒரு டீக்கடை இருக்கும். மாலை நான்கு மணிக்கு அங்கே நான்கு தமிழர்கள் நின்றால், ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் 'எங்க காலத்துல' என்று தொடங்குவார். இக்கட்டுரை அந்த ஐந்தாவது நிமிடத்தை ஆராய்கிறது. தொல்காப்பியரின் காலத்துக்காக நூறு ஆண்டுகளாகச் சண்டையிடும் நம் புலமையுலகம், தேன்மிட்டாயின் காலத்தை வரையறுக்காமல் விட்டது பெருங்குறை. அக்குறையைக் களைய வேறு எவரும் முன்வராததால் இந்த ஆய்வாளர் துணிந்தார்.

இதன் பொருளிலக்கணம் யாதோ எனின்: நிலம், மான்யதாவோ எலக்ட்ரானிக் சிட்டியோ, ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நிற்கக்கூடிய நடைபாதை. பொழுது, அப்ரைசல் முடிந்த மறுநாள் மாலை. கருப்பொருள், கமர்கட், டி.டி.கே. கேசட், நாடாவைச் சுற்றப் பென்சில், மல்யுத்த வீரர் படம் போட்ட சீட்டுக்கட்டு. உரிப்பொருள், ஏங்கலும் ஏங்கல் நிமித்தமும்.

இனி கருதுகோள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர் எதற்காக ஏங்குகிறாரோ, அதில் பெரும்பகுதியை அவர் பார்த்ததே இல்லை.

களத்தில் பதிவான உரையாடல் ஒன்று சான்றாகத் தரப்படுகிறது.

"வெள்ளிக்கிழமை ஆனா ஒலியும் ஒளியும் மச்சா. தெருவே காலியா கெடக்கும்."

"எந்தத் தெரு?" என்றார் தாம்பரத்துக்காரர்.

"எங்க தெருதான். அல்சூர் பஜார் ஸ்ட்ரீட்."

"அல்சூர்ல மெட்ராஸ் டிவி எப்பிடிடா தெரிஞ்சுது?"

அல்சூர்க்காரர் டீயை ஊதத் தொடங்கினார். ஏற்கெனவே ஆறிப்போன டீ அது என்பதை ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

தாம்பரத்துக்காரரின் கேள்வி நியாயமானதா என்று பௌதிக முறைப்படி சோதிப்போம். ஒலியும் ஒளியும் என்ற திரைப்பாடல் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. செயற்கைக்கோள் சேனல்கள் வருவதற்கு முன் அது நிலத்துக் கோபுரம் வழியாகத்தான் வீடுகளை அடைந்தது. அந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போகிறவை. பூமி உருண்டையாக இருப்பது அவற்றுக்குப் பெரிய தொந்தரவு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 50 கிலோமீட்டர். காஞ்சிபுரத்துக்கு முன்பே அலைக்கு மூச்சு வாங்குகிறது.

அற்றேல், பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ளதே, அந்த உயரம் உதவாதோ எனின், உதவும். இடையில் நிலமே மேடு தட்டவில்லை என்று இரக்கத்தோடு கொள்வோம். மாடி ஆன்டெனாவையும் சேர்த்து 910 மீட்டர் என்போம். அப்போது பெங்களூர் ஆன்டெனாவின் பார்வை கிழக்கே 124 கிலோமீட்டர் போகும். அதாவது சரியாக ஆம்பூர் வரை. இரண்டையும் கூட்டினால் 175 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரு நகரங்களுக்கும் நேர்கோட்டுத் தூரமோ சுமார் 290. ஆம்பூரில் பிரியாணி வாசனையை முகர்ந்துவிட்டு நம் ஆன்டெனா திரும்பி வந்திருக்குமே தவிர, ஒலியும் ஒளியும் கிடைத்திருக்காது. இராமேசுவரத்துக்காரர்கள் இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தார்களே என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு நடுவில் இருந்தது கடல். நமக்கு நடுவில் இருப்பது கிழக்குத் தொடர்ச்சி மலை.

ஆக, அல்சூர்க்காரர் பொய் சொல்கிறாரா? அவசரப்படக் கூடாது. 1964-லிருந்து ஓடும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் என்ற ஊடகத்தை ஆய்வாளர் கணக்கில் எடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக்குப் பெரம்பூர்ச் சித்தி வீட்டுக்குப் போன பிள்ளைகளை அது ஏற்றிச் சென்றது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் முழுதாக அங்கேயே கிடந்தால்கூட எட்டு அல்லது ஒன்பது வெள்ளிக்கிழமைகள் தேறும். அதில் மின்வெட்டு ஒன்று, கிரிக்கெட் ஒன்று, சித்தப்பா கோபித்துக்கொண்டு டிவியை அணைத்தது ஒன்று. மிச்சமிருக்கும் ஐந்தாறு அரை மணி நேரங்களை ஒரு மனிதர் ஆண்டு முழுமைக்கும் நீட்டி, பெரம்பூரிலிருந்து அல்சூருக்கு இடம் மாற்றி, தெருவையும் காலி செய்திருக்கிறார். இந்தத் திறனுக்கு முன் பொய் என்ற சொல் மிகச் சிறியது.

பாட்டு விஷயத்தில் மேனாட்டார் நமக்கு உதவுகின்றனர். 1989-இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதர்களுக்கு மிகவும் பிடிக்கும் பாடல்கள் அவர்களின் இருபத்து மூன்றரை வயதை ஒட்டி வெளியானவையாக இருக்கக் கண்டனர். 1980-இல் பிறந்தவருக்கு இதைப் பொருத்தினால் 2003, 2004 வருகிறது. எனவே அவர் ஹாரிஸ் ஜெயராஜின் 'காக்க காக்க'வுக்கும் யுவனின் '7ஜி ரெயின்போ காலனி'க்கும் உருக வேண்டும். அவரோ 'மூடுபனி' என்கிறார். அது அவர் பிறந்த வருடத்துப் படம், இளையராஜாவுக்கு நூறாவது. தொட்டிலில் கிடந்தபடி திரையிசையை ரசித்திருந்தாலொழிய இது அவருடைய ஏக்கமாக இருக்க வழியில்லை. அண்ணனுடையது. சட்டை, சைக்கிள், பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ் வந்த வழியிலேயே ஏக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது.

கடன் வாங்கும் வழக்கம் தமிழ் எல்லைக்குள் அடங்குவதும் இல்லை. எம்.ஜி. ரோட்டில் 1936 முதல் இருந்த பிளாசா தியேட்டர் போய் மெட்ரோ நிலையம் வந்தபோதும், பிரிகேட் ரோடு ரெக்ஸ் 2018-ஆம் ஆண்டின் கடைசியில் மூடப்பட்டபோதும், ஆங்கிலப் படம் என்றால் புரூஸ் லீயோடு நிறுத்திக்கொண்ட மர்ஃபி டவுன் பெரியவர்களும் பெருமூச்சு விட்டார்கள். அழுதவர்கள் அத்தனை பேரும் டிக்கெட் வாங்கியிருந்தால் ரெக்ஸ் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் உண்மையில் விசிலடித்தது தமிழ்ப் படம் ஓடிய லாவண்யாவிலும் நடராஜிலும். அதைக் கேட்டால்தான் சொல்வார்கள்.

ரஜினிகாந்த் தனித்தலைப்பு. 1975-இல் 'அபூர்வ ராகங்கள்' வருவதற்கு முன் அவர் பெங்களூர் பி.டி.எஸ். பஸ்ஸில் கண்டக்டர் என்பது ஊரறிந்தது. ஊரறியாதது, அந்தச் சில வருடங்களில் அவரிடம் டிக்கெட் வாங்கியதாகச் சொல்லும் சித்தப்பாக்கள் அனைவரையும் ஏற்ற அந்த பஸ் எத்தனை மாடி உயரம் இருந்திருக்க வேண்டும் என்பது. சில்லறை பாக்கி தராமல் போனார் என்று சொல்கிற சித்தப்பாவை மட்டும் நம்பலாம். அவர் குரலில் வருத்தம் அசல்.

இதற்கு மருத்துவம் உண்டா? 1688-இல் பேசல் நகரில் யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர், ஊர் நினைப்பால் வாடுவதை ஒரு நோயாகவே வகைப்படுத்தித் தம் ஆய்வேட்டை எழுதினார். நோயாளியை ஊருக்கு அனுப்புவதே அவர் கண்ட முதன்மையான தீர்வு. தாம்பரத்துக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் இந்தச் சிகிச்சை வாராவாரம் நடக்கிறது: வெள்ளி இரவு மடிவாளாவில் ஆம்னி பஸ் ஏறுகிறார்கள், திங்கள் காலை தெளிந்து திரும்புகிறார்கள். அல்சூர்க்காரரை எங்கே அனுப்புவது? அவர் ஊரில்தான் இருக்கிறார். பஸ்ஸோ மெட்ரோவோ பிடித்தால் வீட்டுக்கே போய்விடுவார். ஹோஃபரின் மருத்துவம் இவ்விடத்தில் கைவிரிக்கிறது.

இதுகாறும் பார்க்காதவற்றைச் சொன்னோம். பார்த்தவை எவை என்ற கேள்வியை எந்த டீக்கடையிலும் எவரும் கேட்பதில்லை, ஆய்வாளர் கேட்டார். அல்சூர்க்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சற்றே வெட்கத்தோடு, பெங்களூர் தூர்தர்ஷனின் கன்னடப் பாட்டு நிகழ்ச்சி சித்ரமஞ்சரி என்றார். வாராந்திரக் கன்னடப் படம் என்றார். பக்கத்து வீட்டுக் கௌடா வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்த ராஜ்குமார், விஷ்ணுவர்தன். 'ஆட்டோ ராஜா' சங்கர் நாக் 1990 செப்டம்பர் 30-இல் விபத்தில் இறந்த அன்று ஆட்டோ ஓட்டிய மாமா சாப்பிடவில்லை. இந்தி புரியாமலே பார்த்த ராமாயணம். 1987 ஜனவரி தொடங்கி ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள். பாட்டி அருகில் உட்கார்ந்து, திரையில் வருவதற்கு ஒரு வாரம் முன்பாகவே கதையைச் சொல்லி மர்மத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். கேபிள் வந்தது, 1993 தமிழ்ப் புத்தாண்டுக்கு சன் டிவி வந்தது. காவிரியில் தகராறு என்றால் கேபிள்காரர் முதலில் பிடுங்குவது தமிழ்ச் சேனல்களை. நாலு நாள் நீலத்திரை, பிறகு ஐந்தாம் நாள் சீரியலில் யாரோ யாரையோ கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள். அது எப்படி நடந்தது என்று மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு சரக்கு இருக்க, எதற்காக அடுத்தவருடைய வெள்ளிக்கிழமை?

ஆய்வாளர் கண்ட காரணம் எளியது. கூட்டத்துக்குப் போல ஏக்கத்துக்கும் கோரம் வேண்டும். தாம்பரத்துக்காரர் 'ஒலியும் ஒளியும்' என்றதும் மூன்று பேர் தலையாட்டுகிறார்கள். அல்சூர்க்காரர் 'சித்ரமஞ்சரி' என்றால் மூவரும் மொபைலைப் பார்க்கிறார்கள். தலையாட்ட ஆளிருக்கும் கன்னடக் குழு பத்தடி தள்ளி, அடுத்த மேசையில் நின்று காபி குடிக்கிறது. அங்கே போனால் இவரிடம் இளையராஜாவைப் பற்றிக் கேட்கிறார்கள். இரு மேசைக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று தேறியது: 'மால்குடி டேஸ்'. சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய கதை, அவர் தம்பி லக்ஷ்மண் வரைந்த படம், கன்னட சங்கர் நாக் இயக்கம், எல். வைத்தியநாதன் இசை, ஆகும்பேயில் படப்பிடிப்பு, வசனம் இந்தியில். இத்தனை பேர் கூடி வேலை செய்தால்தான் ஓர் அல்சூர்க்காரர் தாம் உண்மையிலேயே பார்த்த ஒன்றைப் பத்துப் பேர் நடுவே சொல்ல முடிகிறது. அதன் முகப்பிசையை அவர் சீட்டியடித்தபோது இரு மேசையும் திரும்பியது. டீ மாஸ்டரும் திரும்பினார், அவர் பீகாரி.

கருதுகோள் அடுத்த தலைமுறையிலும் செல்லுபடியாகுமா என்று பார்க்க, 2003-இல் பிறந்த ஒரு பயிற்சி ஊழியரையும் ஆய்வாளர் விசாரித்தார். சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானைப் பற்றிச் சொல்வான் என்பது எதிர்பார்ப்பு. "அதெல்லாம் இருக்கு சார். ஆனா வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் மாதிரி வருமா?" என்றான். நீ எங்கே பார்த்தாய் என்றதற்கு, பார்க்கவில்லை, அப்பா சொல்லிச் சொல்லி மனதில் அப்படியே இருக்கிறது, அந்த நேரத்தில் தெருவே காலியாகக் கிடக்குமாம் என்றான். அப்பாவின் ஊர் விசாரிக்கப்பட்டது. அல்சூர், பஜார் ஸ்ட்ரீட்.