தூணு அவங்களுது, மயிலு யாருது?

வா கண்ணு, உக்காரு. மேம்பாலத் தூணுக்குப் படம் எழுதற ஆர்டர் கிடைச்சிருக்குதாமா? பேஷ். நாமக்கல் பட்டறையில லாரி பாடிக்கு ரோஜாப்பூ எழுதிக்கிட்டு இருந்த கை, இனிமே சர்க்கார் தூணுல மயில் எழுதப்போகுது. திறப்பு விழாவுல உன்னைப் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ புடிப்பாங்க. சால்வை கூட உண்டு. நாளைக்கு அதே தூணுக்கு வெள்ளையடிக்க ஆளு வர்றப்பத்தான் உனக்குத் தாக்கல் வராது.

சிரிக்காத. டில்லியில அமர்நாத் சேகல்னு ஒரு சிற்பி. விஞ்ஞான் பவன் சுவத்துக்கு வெண்கலத்துல சிற்பம் செஞ்சு குடுங்கன்னு 1957-ல சர்க்காரே வருந்திக் கூப்புட்டுச்சு. 140 அடி நீளம், 40 அடி உசரம். 1962-ல முடிச்சாரு. 1979-ல மண்டபத்தைப் புதுப்பிக்கறோம்னு கழட்டி குடோன்ல போட்டுட்டாங்க. செஞ்ச மனுசனை ஒரு வார்த்தை கேக்கலை. போட்டதுல பல துண்டு காணாமயும் போச்சு. 1992-ல கேஸ் போட்டாரு. மிச்சமிருக்கறதை அவருகிட்டயே குடு, 5 லட்சம் நஷ்டஈடும் குடுன்னு 2005-ல டில்லி ஐகோர்ட்டு சொல்லுச்சு. அப்ப அவருக்கு வயசு 83. நம்ம நாட்டுல ஜெயிக்கணும்னா மொதல்ல ஆயுசு கெட்டியா இருக்கணும், கண்ணு.

எதை வெச்சு ஜெயிச்சாரு? 1957-ம் வருசத்துக் காப்புரிமைச் சட்டம், 57-ம் பிரிவு. உன்னை மாதிரி கணக்குல சுழிச்சவனுக்குக்கூட மறக்காது. எழுதினவன் நான்தான்னு சொல்லிக்கற உரிமை உனக்கு. உன் பேரு கெடற மாதிரி படத்தைச் சிதைச்சாத் தடுக்கற உரிமையும் உனக்கு. காப்புரிமையையே வித்துட்டாலும் இது ரெண்டும் உன்னை விட்டுப் போகாது.

ரொம்பக் குதிக்காத. காட்சிக்கு வெக்காம விட்டா அது குத்தமில்லைன்னு அதே பிரிவுலயே ஒரு வரி இருக்குது. பிரகதி மைதானத்துல ராஜ் ரேவால் வடிவமைச்ச ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017-ல இடிச்சாங்க. அவரும் கோர்ட்டுக்குப் போனாரு. முழுசா இடிச்சுட்டா, கண்ணுல படாத பொருளால கலைஞனுக்கு எப்படிக் கெட்ட பேரு வரும்னு 2019-ல முடிச்சு வெச்சாங்க. மூக்கை ஒடச்சா கேஸு, ஆளையே தீர்த்துட்டா ஒண்ணுமில்லைங்கற மாதிரி. அந்த மட்டும் நம்ம சேலத்துக்காரங்க தேவலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ போனாலும் ஏற்காடு ரோட்டுல ஆர்ச்சையாவது விட்டு வெச்சிருக்கோம்.

மெரினாவுல கண்ணகியை 2001-ல தூக்குனாங்க, 2006-ல திரும்ப நிறுத்துனாங்க. கண்ணகிக்குக் கேக்க ஒரு கட்சி இருந்துச்சு, ஆட்சியும் மாறுச்சு. உன் மயிலுக்கு எந்தக் கட்சி வரும்? சுவத்தை அசிங்கம் பண்ணக்கூடாதுன்னு 1959-லயே இங்க சட்டம் போட்டாச்சு. சுவத்துக்குத்தான் அந்த மரியாதை, அதுல இருக்கற சித்திரத்துக்கு இல்ல.

அமெரிக்காக்காரன் 1990-லயே சட்டம் போட்டுட்டான். பேத்து எடுக்கக்கூடிய படம்னா அழிக்கறதுக்கு 90 நாளுக்கு முன்னயே கலைஞனுக்கு எழுத்துல சொல்லணும். நியூயார்க்குல ஒரு கட்டட ஓனரு ராவோட ராவா படங்களுக்கு மேல வெள்ளையடிச்சாரு. 21 கலைஞருங்களுக்கு 67.5 லட்சம் டாலர் குடுன்னு 2018-ல தீர்ப்பு. ஒரு வெள்ளையடிப்புக்கு எம்புட்டுக் கூலின்னு பாரு.

அதனால அப்புச்சி சொல்றதைக் கேளு. லாரி மூலையில பேரும் செல் நம்பரும் எழுதுவியே, அதைத் தூணுலயும் எழுது. கவுன்சிலர் பேரு ஒரு சாண் சிறுசானா பரவால்ல. எழுதி முடிச்ச அன்னிக்கே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வெச்சுக்க. ஒர்க் ஆர்டர்ல ரெண்டு வரி சேக்கச் சொல்லு: அழிக்கறதுக்கு 90 நாளுக்கு முன்ன எழுத்துல தகவல் தரணும், பேத்து எடுக்க முடிஞ்சதை எழுதினவனுக்கே தரணும். "மேலதிகாரியைக் கேட்டுச் சொல்றோம்"னுதான் சொல்வாங்க. சொல்லட்டும். அவங்க கேட்டுட்டு வர்ற வரைக்கும் பிரஷ்ஷை டின்னருல ஊறப்போட்டுட்டு, எனக்கொரு டீ சொல்லு.