ஜீனோமில் புக்மார்க் வைக்கும் சாஸ்திரம்

ஒரு கிரந்தத்தை ஆரம்பிக்குமுன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் சொல்லிவிட வேண்டுமென்பது பூர்வாசாரியர்கள் வைத்த ஏற்பாடாதலால், கைமுறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டியிலிருந்து எழுதப்படும் இச்சிறு வியாசமும் அம்முறையை மீறத் துணியவில்லை. விஷயமாவது, சுமார் 310 கோடி எழுத்துக்களால் ஆகிய மனித ஜீனோமில் ஒருவர் தாம் கண்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதும், அக்குறியைப் பிறருக்கு அனுப்புவதுமாம். பிரயோஜனமாவது, பெற்றுக்கொண்டவர் அதே இடத்துக்குப் போய்ச் சேர்வதாம். சம்பந்தமாவது, அனுப்பியவர் நினைத்த இடத்துக்கும் பெற்றவர் சேர்ந்த இடத்துக்கும் பல சமயங்களில் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருப்பதாம். இனி, இந்தச் சாஸ்திரத்துக்கு அதிகாரி யார் என்பதில்தான் விவாதம். பயோ-இன்பர்மேட்டிக்ஸ் பட்டதாரியே அதிகாரி என்பது பூர்வபட்சம். கிரயப் பத்திரம் எழுதிக் கை பழுத்த பத்திர எழுத்தரே அதிகாரி என்பது நம் சித்தாந்தம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2000-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் சர்வகலாசாலையார் மனித ஜீனோமின் வரைவுப் பிரதியை இணையத்தில் வெளியிட்டார்கள். துண்டு துண்டாகக் கிடந்த அதைக் கோத்துக் கொடுத்த ஜிம் கென்ட் என்பவர் அப்போது அங்கே ஆராய்ச்சி மாணாக்கர். அதைக் கண்ணால் பார்க்கும்படி ஒரு பிரௌசரையும் அவரே செய்தார். குரோமோசோம் எண்ணையும், தொடக்க எண்ணையும், முடிவு எண்ணையும் கட்டத்தில் தட்டினால், அவ்விடத்திலுள்ள ஜீனும், அண்டை அயலும், பிற பிராணிகளில் அதே பகுதி எப்படியிருக்கிறது என்பதும் திரையில் வந்து நிற்கும். நடுநிசியில் உலாவிக்கொண்டிருக்கும்போது ஓர் அபூர்வமான இடம் தட்டுப்பட்டு, காலையில் அது எங்கே என்று தெரியாமல் விழிக்கும் துர்ப்பாக்கியம் இக்கருவியோடு கூடவே பிறந்ததாகையால், புக்மார்க் என்னும் பரிகாரமும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. சாண்டா குரூஸ் பிரௌசரில் திரையின் முழு நிலைமையையும் 'செஷன்' என்று ஒரு பெயரிட்டுச் சேமித்து, அதன் இணைப்பைப் பிறருக்குக் கொடுக்கலாம். பிராட் இன்ஸ்டிடியூட்டார் செய்த ஐ.ஜி.வி. என்னும் கருவியிலோ, வேண்டிய பகுதியை வளைத்துப் பிடித்தால் அளவுகோலின் கீழே ஒரு சிவப்புப் பட்டை விழும். அப்பட்டைகளையெல்லாம் திரட்டிக் கோப்பாக அனுப்பலாம்.

இவ்வளவு வசதியும் இருக்கக் குறை என்னவெனில், எண்ணை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு, அது எந்தப் பதிப்பின் எண் என்று எழுதாமல் விடும் வழக்கமாகும். ஜீனோம் மாறாவிட்டாலும் அதன் வரைபடம் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. 2009 பிப்ரவரியில் ஒரு பதிப்பு, அதை எச்.ஜி.19 என்பர். 2013 டிசம்பரில் இன்னொன்று, அது எச்.ஜி.38. இடைவெளிகள் அடைக்கப்பட்டும் தவறாகத் தைத்த இடங்கள் பிரித்துத் தைக்கப்பட்டும் வந்ததால், புதிய பதிப்பில் பெரும்பாலான இடங்கள் முன்னும் பின்னும் நகர்ந்துபோயின. எனினும் பழைய எண்ணிலேயே பேசுகிற ஆய்வுக்கூடங்கள் இன்றும் அநேகம்.

நம் ஜில்லாவின் பத்திர எழுத்தருக்கு இது புதிய ஆபத்தன்று. 1980-களில் யு.டி.ஆர். என்று ஜனங்கள் சொல்லும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்து சர்வே நெம்பர்களை மாற்றிவிட்டுப் போனபோது, அவர் அழவுமில்லை, சாப்ட்வேர் எழுதவுமில்லை. 'பழைய சர்வே நெம்பர் இன்னது, அதற்குப் புதிய சர்வே நெம்பர் இன்னது' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார். 1997 ஜனவரி முதல் நாமக்கல் தனி ஜில்லாவாகி, அண்டையிலுள்ள ராசிபுரமும் திருச்செங்கோடும் அப்பக்கம் போய், ஆட்டையாம்பட்டி மட்டும் சேலத்தோடு நின்றுவிட்டபோதும், பழைய பத்திரங்களில் 'சேலம் ஜில்லா, ராசிபுரம் தாலுகா' என்றிருப்பதைக் கண்டு எவரும் நிலம் தொலைந்துவிட்டதாகக் கூக்குரலிடவில்லை.

ஜீனோமில் இதே காரியத்தைச் செய்ய 'லிப்ட்ஓவர்' என்றொரு கருவி உண்டு. பழைய எண்களைக் கொடுத்தால் புதிய எண்களைத் தரும். தர முடியாதவற்றைத் தனியே ஒதுக்கி, 'புதியதில் நீக்கப்பட்டது', 'புதியதில் பிளவுபட்டது' என்று காரணமும் எழுதும். தாலுகா ஆபீஸில் கூட இவ்வளவு மரியாதையாகக் காரணம் சொல்ல மாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும், தன்னிடம் கொடுக்கப்பட்ட எண் பழையதா புதியதா என்று அக்கருவி தானாகக் கண்டுபிடிக்காது. அதை நாம் சொல்ல வேண்டும். அதைத்தான் அனுப்பியவர் எழுதவில்லை.

திருஷ்டாந்தமில்லாத சாஸ்திரம் உப்பில்லாத மாவாகையால் ஒன்று காட்டுவோம். அரிவாள் அணு இரத்தசோகை என்னும் பரம்பரை வியாதி, பீட்டா குளோபின் ஜீனில் ஒரேயோர் எழுத்து மாறுவதால் வருவது. இந்தியாவில் அதன் கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்; லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அதை வெளியிட்டார்கள். அந்த எழுத்தின் ஸ்தானம் 11-ஆம் குரோமோசோமில், பழைய பதிப்பின்படி 52,48,232. புதிய பதிப்பின்படி 52,27,002. வித்தியாசம் 21,230 எழுத்துக்கள். பழைய எண்ணைப் புதிய படத்தில் தட்டுகிறவர் வெட்டவெளியில் போய் விழுந்தாலாவது தவறு உடனே தெரிந்துவிடும். அவரோ காமா குளோபின் ஜீனின் வேலியோரத்தில் போய் நிற்பார். காமா குளோபின், பீட்டா குளோபினின் பங்காளி. கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கு இரத்தம் நடத்துவது அதுதான். பங்காளி நிலத்துக்குள் கால் வைத்தால் என்ன நேருமென்று சேலம் ஜில்லாக்காரர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் வாதி பிரதிவாதிகளைக் கற்பித்துப் பேசவைப்பது நூல் மரபு. விடுமுறைக்கு வந்த பட்டதாரி வாதி, அவருடைய தாய்மாமனாகிய பத்திர எழுத்தர் பிரதிவாதி, ஸ்தலம் திண்ணை.

"பதினொண்ணாவது குரோமோசோம்ல ஐம்பத்திரண்டு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து எரநூத்தி முப்பத்திரண்டுங்க மாமா."

"அதெல்லாஞ் செரி மாப்ள, அது பழைய நெம்பரா, யு.டி.ஆர். நெம்பரா?"

பூர்வபட்சம் இத்துடன் நிலைகுலைந்தது எனினும், சாஸ்திர நியாயம் கருதி மேலும் சில விசாரணைகள் செய்வோம்.

எண்ணுவதை எங்கிருந்து தொடங்குவது என்பது அவற்றுள் முதலாவது. பிரௌசரின் கட்டத்தில் எண்ணிக்கை ஒன்றில் தொடங்கும். 'பெட்' என்னும் கோப்பில் தொடக்க எண் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும், முடிவெண் மட்டும் மாறாது. ஆகவே மேற்படி எழுத்து, கோப்பில் 52,27,001 முதல் 52,27,002 வரை என்று எழுதப்படும். ஒரே எழுத்துக்கு இரண்டு எண்ணா என்று மாணாக்கர் மயங்குவது இயல்பு. வயலை அளக்கப் போன இருவரில் ஒருவர் நிலத்தை எண்ணினார், மற்றவர் எல்லைக்கல்லை எண்ணினார் என்று கொண்டால் மயக்கம் தீரும். முதற்கல்லுக்குப் பூஜ்யம் என்று பெயரிட்டால், முதல் வயல் பூஜ்யக் கல்லுக்கும் ஒன்றாம் கல்லுக்கும் இடைப்பட்டதாகும். எவர் எதை எண்ணினார் என்று எழுதாமல் விட்டால் மட்டும் வரப்பு ஓரெழுத்து நகரும். ஓரெழுத்தில் ஒரு வியாதி இருக்கும்போது ஓரெழுத்து வரப்பை அற்பமென்று தள்ளலாகாது.

பெயரில் வரும் சிக்கல் இன்னொன்று. சாண்டா குரூஸார் 'குரோ11' என்று முன்னொட்டுக் கொடுத்து எழுதுவதை, ஐரோப்பிய 'என்சம்பிள்' பிரௌசரார் வெறும் '11' என்றெழுதுவர். இரண்டையும் ஒன்றென்று அறியாத சில புரோகிராம்கள் ஒன்றுமே காட்டாமல் மௌனம் சாதிக்கும். எண்ணே வேண்டாம், ஜீனின் பெயரை எழுதி அனுப்புவோம் என்று கிளம்பியவர்களை எக்ஸெல் கவிழ்த்தது. செப்ட்2, மார்ச்1 என்னும் ஜீன்களை அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிடும். ஜீன் பட்டியலை எக்ஸெல் கோப்பாக இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்திலொன்றில் இத்தகைய பிழை கிடந்ததாக 2016-இல் கணக்கெடுத்தார்கள். எக்ஸெல் மசியாததால் ஜீன்களே விட்டுக்கொடுத்தன. 2020-இல் அவற்றுக்கு செப்டின்2, மார்ச்எப்1 என்று பெயர் மாற்றப்பட்டது.

ஐ.ஜி.வி.யின் செஷன் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் தரவு இராது. தரவு இருக்கும் பாதை மட்டுமே இருக்கும். அனுப்பியவருடைய கம்ப்யூட்டரில் எந்த போல்டரில் கோப்பு கிடக்கிறதென்று மிகத் துல்லியமாகச் சொல்லும் அதை, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தவர் பிழைச் செய்தியையே தரிசிப்பார். மூலப்பத்திரம் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்று மட்டும் எழுதிய கிரயப் பத்திரத்தை எந்த ரிஜிஸ்திரார் ஒப்புவார்? சாண்டா குரூஸிலும் எச்சரிக்கை வேண்டும். நாம் ஏற்றிவைத்த சொந்தத் தடங்கள் செஷனில் சேமிக்கப்படாவிடில், கடைசியாகத் தொட்டதிலிருந்து 48 மணி நேரத்துக்குப்பின் அழிக்கப்படலாம். சேமித்த பின்னும் நகலொன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே புத்தி சொல்லுகிறார்கள். ஜெராக்ஸ் எடுத்து வைக்காத குடியானவன் இத்தாலுகாவில் இல்லை.

நாமக்கல்லார் தம்மைத் தள்ளிவிட்டதாக எண்ணாதிருக்கும்பொருட்டு, கோழியைப் பற்றியும் சொல்லி வைப்போம். கோழியின் ஜீனோம் 2004-இல் காட்டுக்கோழியொன்றிலிருந்து முதலில் வெளிவந்தது. 2021-இல் வந்ததோ ஒரே கோழியின் தாய்வழிக்கு ஒன்று, தந்தைவழிக்கு ஒன்று என இரண்டு படங்கள். தாய் பிராய்லர், தந்தை முட்டையினமாகிய ஒயிட் லெகார்ன். கறிக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் தனித்தனி சர்வே நடந்திருப்பதால், இனி 'கோழியின் இன்ன எண்' என்றெழுதுகிறவரிடம், எந்தக் கோழி என்று நாமக்கல் பண்ணையார் கேட்பதில் குற்றமில்லை.

முடிவாக, சித்தாந்தப்படி எழுதிய மாதிரிப் பத்திரமொன்றைத் தருகிறோம்: 'மனித ஜீனோம் ஜில்லா, 11-ஆம் குரோமோசோம் கிராமம், 2013 டிசம்பர் எச்.ஜி.38 சர்வேப்படி நெ. 52,27,002, இதற்குப் பழைய எச்.ஜி.19 நெ. 52,48,232, ஒன்றிலிருந்து எண்ணியது, இரண்டிழைகளில் ஜீன் எதிரிழையிலுள்ளது. பொதுப் பெயர் ஆர்.எஸ்.334. இதற்குச் செக்குபந்தி: ஜீனைப் படிக்கும் திசையில் ஏசிடிசிசிடிஜி-க்குக் கிழக்கு, ஜிஜிஏஜிஏஏஜி-க்கு மேற்கு. இதன் மத்தியிலுள்ள ஏ என்னும் எழுத்து ஒன்றும், மாமூல் வண்டித்தடமாகிய இணைய இணைப்பும் உள்பட.' எண்கள் எத்தனை முறை மாறினாலும், இருபுறத்து எழுத்துக்களைப் போதிய நீளத்துக்கு எழுதிவைத்தால் அவற்றைத் தேடி இடத்தைப் பிடித்துவிடலாம் என்பது செக்குபந்தியின் மகிமை.

ஜீனோமுக்கு வடக்கும் தெற்கும் கிடையாதாகையால், நான்கெல்லையில் இரண்டு குறைகின்றமை பற்றி எழுத்துக்கூலியைப் பாதியாகக் குறைக்கலாகாதா என்று வாதி ஓர் ஆட்சேபம் கிளப்பினார். பிரதிவாதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விடை பகர்ந்தார்:

"இழை ரெண்டுன்னியே மாப்ள, ரெண்டுக்கும் ரெண்டெல்லை எழுதினா நாலாச்சு. முழுக் கூலிதான்."