கொல்லையில் ஒரு குட்டை: மாமா பதில்கள்

கேள்வி: மாமா, கொல்லையில் குழி வெட்டினேன். ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லையே? (திருச்செந்தூர்)

பதில்: தேரி மணலில் வெட்டினால் அது குட்டை இல்லை மருமகனே, உறிஞ்சுகுழி! பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் 500 மைக்ரான் பாய் வாங்கு. கல், வேர் பொறுக்கிவிட்டு, பழைய சாக்கை அடியில் போட்டு, அதன்மேல் விரி.

கேள்வி: 10 அடிக்கு 6 அடி குட்டை, 2 அடி ஆழம். எவ்வளவு பாய் வேண்டும்?

பதில்: 16க்கு 12. ஆழத்தை இருபுறமும் கூட்டு. கரையில் புதைக்கப் பக்கத்துக்கு ஓரடி விடு. 10க்கு 6 வாங்கினால் அதில் படுக்கத்தான் முடியும்.

கேள்வி: பாய் வேண்டாம், எங்கள் களிமண் போதாதா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: தாராளமாய்! ஈரமண்ணைத் திரியாக உருட்டிப் பார். ஒடியாமல் விரலைச் சுற்றி வளைந்தால் யோகக்காரன் நீ. பிறகு தொழியடிக்கிற வேலைதான். ஒரு சாண் கனத்துக்குக் களியைப் பரப்பி, தண்ணீர் விட்டு, மிதி. கட்டி உடைந்து, துகள்கள் நெருங்கி, நீர் கசியும் கண்கள் அடைபடும். நடவு வயலில் தண்ணீர் நிற்பது இந்த வித்தையால்தான். பேரப்பிள்ளைகளை இறக்கிவிடு: கூலி கேட்க மாட்டார்கள், ஏறச் சொன்னாலும் ஏற மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கரிசலில் மழைக்கு நிற்கிறது, கோடைக்குப் பிறகு நிற்பதில்லை. (கோவில்பட்டி)

பதில்: நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும், கரிசலின் பிறவிக்குணம். அடிமண்ணை ஒருநாளும் காயவிடாதே.

கேள்வி: சிமெண்ட் பூசிய மறுநாளே மீன் விட்டேன். எல்லாம் மிதக்கின்றன!

பதில்: புதுப்பூச்சு சுண்ணாம்பைக் கக்கும், தண்ணீர் காரமாகும். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, இறைத்துக் கொட்டு. இரண்டு மூன்று தடவை. மீனுக்குப் புதுமனை புகுவிழா அதற்கப்புறம்.

கேள்வி: தண்ணீர் இறங்குகிறது. ஓட்டையா, வெயிலா?

பதில்: ஒரு வாளியே சாட்சி சொல்லும். குட்டைக்குள் செங்கல் அடுக்கி, வாளியை வைத்து, வெளியே நிற்கும் மட்டத்துக்கே உள்ளேயும் நிரப்பு. இரண்டு நாள் கழித்துப் பார். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் சூரியன் குடித்தது. குட்டை மட்டும் கூடுதலாக இறங்கினால் ஓட்டை. இறங்கி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கே கரையைத் தடவு. நண்டு வளையோ எலி வளையோ கையில் அகப்படும்.

கேள்வி: கொசு வளரும் என்கிறாள் மனைவி.

பதில்: மீனில்லாவிட்டால் அவள் சொல்வதே சரி. முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட வேண்டாம். 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். அது கொசுப்புழுவோடு மற்ற மீன்குஞ்சுகளையும் தலைப்பிரட்டைகளையும் தின்கிறது. அந்த விருந்தாளி வேண்டாம். உச்சந்தலையில் வெள்ளிப்புள்ளி மின்னும் நம்மூர்ச் சிறுமீனை வாய்க்காலில் பிடித்து விடு.

கேள்வி: 2 அடிக் குட்டைக்கு வேலி எதற்கு?

பதில்: தவழும் பிள்ளைக்கு அரையடித் தண்ணீரே எமன். முதலில் வேலி, பிறகு தண்ணீர். இதில் மாமாவுக்கு விளையாட்டு இல்லை.

கேள்வி: பாய் விரித்தாயிற்று. கரையில் மூங்கில் நடலாமா?

பதில்: நடலாம், பக்கத்து ஊரில்.